கம்பு சுத்தினா காப்பாத்துமா?



போன மாசம் என் தங்கையை சாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிற ஒரு சிலம்ப வகுப்பில் சேர்த்துவிட்டோம். பதினொன்றாவது படிக்கிறாள். ட்யூஷன் முடிந்து காமராஜர் சாலை வழியாக சைக்கிளில் வரும்போது பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வந்து தொல்லை கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் வீட்டில் சொல்லவே இல்லை. நாலாவது நாள்தான் அழுதுகொண்டே சொன்னாள். அப்பா போய்ப் பேசி வகுப்பில் சேர்த்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மொட்டை மாடியில் அவள் கம்பு சுற்றிக் காட்டினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் கேட்டாங்க: "ஏண்டா, எதை எதையோ படிக்கிறியே, இதைச் சொல்லு. ஒருத்தன் வந்து கையைப் புடிச்சா இது உதவுமா? இல்ல பொங்கலுக்கு மேடையில ஆடத்தானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காலேஜில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கராத்தே பிளாக் பெல்ட் வைத்திருப்பவன் கராத்தே என்றான். ஜிம்முக்குப் போகிறவன் பாக்ஸிங் என்றான். ராத்திரி முழுக்க கூண்டுச் சண்டை வீடியோ பார்க்கிறவன் "கீழ தள்ளி கழுத்தை நெரிச்சா எல்லாம் முடிஞ்சுது மச்சி" என்றான். நாகர்கோவில் பக்கத்து நண்பன் ஒருவன் மட்டும் "வர்மம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மர்மமாகச் சிரித்தான் :)

சரி, நிஜமாகவே உயிர் போகிற சண்டைகளில் என்ன நடந்தது என்று வரலாற்றில் தேடிப் பார்த்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒரு சண்டை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். ஆற்காடு நவாப் அன்வருதீனுக்குக் கோபம். மகன் மாபூஸ்கான் தலைமையில் சுமார் பத்தாயிரம் பேரை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து பராதி என்ற சுவிஸ் நாட்டுக்காரர் தலைமையில் ஒரு சின்னப் படை போனது. ஐரோப்பியர் சில நூறு பேர், இந்தியச் சிப்பாய்கள் 700 பேர், மொத்தம் ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். அடையாற்றங்கரையில் இரண்டு படையும் சந்தித்தன. பீரங்கிகள் நவாப் பக்கம்தான் இருந்தன. ஆனாலும் பராதியின் ஆட்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு முன்னேறினார்கள். நவாப் படை உடைந்து ஓடிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நவாப் படையில் குதிரையேற்றமும் வாள்வீச்சும் ஈட்டியும் சின்ன வயதிலிருந்து பழகியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். தனித்தனியாக மோதவிட்டால் புதுச்சேரிச் சிப்பாய் ஒருவன் அவர்களில் ஒருவனிடம் தோற்றிருக்கலாம். ஆனால் அந்தச் சிப்பாய்க்கு ஒரே ஒரு விஷயம் திரும்பத் திரும்பப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தது. எதிரே குதிரை பாய்ந்து வந்தாலும் பக்கத்தில் இருப்பவனை விட்டு நகரக்கூடாது, சொன்னபோதுதான் சுட வேண்டும். அன்றைக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒன்றுதான்.

அப்படியானால் துப்பாக்கி வந்ததும் நம் கலைகள் எல்லாம் செத்துவிட்டன என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் தப்பு. அடையாறுக்கு 55 வருடம் கழித்து பாஞ்சாலங்குறிச்சியில் நேர் எதிரான காட்சி.

கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிட்டுவிட்டுக் கோட்டையையும் இடித்தாகிவிட்டது. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். கொஞ்ச நாளிலேயே மண்கோட்டை திரும்ப எழுந்து நின்றது. மார்ச் 31-ம் தேதி மெக்காலே என்ற அதிகாரி தலைமையில் கம்பெனிப் படை தாக்கியது. பீரங்கியால் சுவரில் வழி உண்டாக்கி வெள்ளைச் சிப்பாய்கள் மேலே ஏறினார்கள். ஏறியவர்கள் ஒவ்வொருவராக உச்சியிலேயே விழுந்தார்கள். காரணம், கொத்தளத்தின் உள்பக்கம் குழிவாக இருந்தது. மேலே வந்தவன் கால் வைத்து நிற்க இடம் கிடையாது. கீழே கண்ணுக்குத் தெரியாமல் நின்றவர்கள் கையில் 18 அடி, 20 அடி நீள ஈட்டிகள்! மேலே தலை தெரிந்ததும் ஒரு குத்து. துப்பாக்கியைத் திருப்பிக் குறி பார்க்கக்கூட அவகாசம் இல்லை. கம்பெனிப் படை பெரும் இழப்போடு பின்வாங்கியது. ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருந்து, அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்த பிறகுதான் மே 24-ம் தேதி கோட்டை விழுந்தது.

20 அடி ஈட்டியை வெளியே சமவெளியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அடையாற்றில் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கும். அந்தக் குழிக்குள், அந்தச் சுவருக்குக் கீழே மட்டும் அது எமன்.

இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதிவைத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி. 1830-ல் அவர் நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வந்தன. அதில் சின்ன மருது பற்றி வரும் பகுதியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போருக்குச் சில வருடம் முன்னால் சின்ன மருதுதான் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். கைதேர்ந்தவன் எறிந்தால் 100 கஜத்துக்குள் வளரி குறி தப்பாது என்று வெல்ஷ் எழுதுகிறார். கடைசியில் அதே வெல்ஷ் மருதுவைத் தேடிக் காட்டுக்குள் போன படையில் இருந்தார். தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் அண்ணனோடு தூக்கில் தொங்கியதையும் பார்த்தார். கற்றுக்கொடுத்தவருக்கு இப்படி, கற்றுக்கொண்டவருக்கு அப்படி. வளரி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது? 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் உத்தரவு போட்டார். பாளையக்காரர் சீமைகளில் ஆயுதங்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும். வாள் போச்சு, ஈட்டி போச்சு, வளரி போச்சு. வீட்டுக் கொல்லையில் இருக்கிற மூங்கில் கம்பை யார் பிடுங்க முடியும்? கம்பு தங்கியது. ஆனால் அது தங்கிய இடம் கோயில் திருவிழாவும் பொங்கல் விளையாட்டும் கல்யாண ஊர்வலமும். என் கருத்தில், அம்மா கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. சண்டைக்குப் பழகுவது நின்று, பார்க்கிறவர்களுக்காகப் பழகுவது ஆரம்பித்தால் எந்தக் கலையும் மெதுவாக மாறும். சுற்று அழகாகும், வேகமாகும். எதிரில் இருப்பவன்தான் காணாமல் போவான்.

போர்ச் சிலம்பம் என்றும் அலங்காரச் சிலம்பம் என்றும் ஆசான்களே பிரித்துத்தான் பேசுகிறார்கள். கம்பு முனையில் மை, சாம்பல் மாதிரி எதையாவது பூசிக்கொண்டு எதிராளி உடம்பில் பொட்டு வைப்பது பழைய போட்டி முறை. நெற்றியில் வைத்தால் பெருமை. அதில் எதிராளி உண்டு, அவனும் நம்மை அடிக்க வருவான். மேடையில் நெருப்புப் பந்தம் கட்டிச் சுற்றுவதில் அது கிடையாது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் குழப்பம்.

இதே சிக்கலை ஜப்பானில் ஒருவர் 140 வருடம் முன்னால் பிடித்துவிட்டார். ஜிகோரோ கானோ. பள்ளிக்கூட வாத்தியார். பழைய ஜுஜுட்சு பள்ளிகளில் கண்ணைக் குத்துவது, மூட்டை ஒடிப்பது மாதிரி பயங்கரமான அடிகள் இருந்தன. பயங்கரம் என்பதாலேயே கூடப் படிக்கிறவன் மேல் முழு பலத்தோடு செய்து பார்க்க முடியாது. மெதுவாக, சொல்லிவைத்த மாதிரிதான் செய்ய முடியும். கானோ 1882-ல் தொடங்கிய ஜூடோவில் அந்த அடிகளைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, தூக்கி எறிவதையும் அமுக்கிப் பிடிப்பதையும் முழு பலத்தோடு, எதிராளி எதிர்க்க எதிர்க்கப் பழக வைத்தார். 1880-களில் டோக்கியோ காவல்துறை நடத்திய போட்டிகளில் அவர் மாணவர்கள் பழைய பள்ளிக்காரர்களை வரிசையாகச் சாய்த்தார்கள். ஆபத்தான அடிகளை எடுத்துப்போட்ட பிறகு கலை பலமானது என்பது கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் "ரொம்ப ஆபத்து, அதனால செஞ்சு காட்ட முடியாது" என்று சொல்கிற எல்லாக் கலையும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

நாகர்கோவில் நண்பா, உன்னைத்தான் சொல்கிறேன் :) வர்மத்தை நான் குறை சொல்லவில்லை. 108 வர்மங்கள், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடம்பை அவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர்கள் நம் ஆசான்கள். சித்த மருத்துவத்தில் வர்மம் இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. ஆனால் சண்டையில் என்ன நடக்கும்? இதயம் படபடக்கும், கை நடுங்கும், பார்வை குறுகிவிடும். அசைந்துகொண்டே இருக்கிற, சட்டை போட்ட, குடித்துவிட்டு வலியே தெரியாத ஒருவன் உடம்பில் ஒரு விரல் அகல இடத்தைத் தேடித் தொட வேண்டும். அதை அவன் எதிர்க்கும்போது பழகவே முடியாது. கன்னியாகுமரி அடிமுறைக்காரர்கள் வர்மத்தைத் தனியாகக் கொடுக்காமல், வருடக்கணக்கில் அடி, தடுப்பு, காலடி எல்லாம் கற்ற பிறகு கடைசியில்தான் கொடுப்பார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

களரியும் ஏறக்குறைய இதே கதைதான். நம் யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டான மாஹே, வடக்கன் களரியின் சொந்த நாட்டுக்கு நடுவிலேயே இருக்கிறது. அங்கே உடம்பை வளைத்துப் பக்குவப்படுத்துகிற விதத்துக்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. மெய்த்தாரி முடித்து, கோல்த்தாரி முடித்து, இரும்பு ஆயுதத்துக்கு வருவதற்குள் உடம்பே கண்ணாகிவிட வேண்டும் என்பார்கள். ஆனால் வாளும் கேடயமும் மோதுகிற பயிற்சி, யார் எப்போது எங்கே வெட்டுவார் என்று இருவருக்கும் முன்னமே தெரிந்த பயிற்சி.

பிரெஞ்சுக்காரர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது போலீஸின் சிவப்புத் தொப்பியும் பெத்தாங்கும்தான். அவர்களுக்கும் ஒரு தெருச்சண்டைக் கலை உண்டு, பெயர் சவாத். ஷூ போட்ட காலால் உதைப்பது. 1830-களில் ஷார்ல் லெக்கூர் என்ற சவாத் ஆசிரியர் ஓவன் ஸ்விஃப்ட் என்ற ஆங்கிலேய பாக்ஸரோடு மோதிப் பார்த்தார். கால் நன்றாக இருந்தும் கைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. மனுஷன் ரோஷப்பட்டுக்கொண்டு உட்காராமல், போய் பாக்ஸிங் கற்றுக்கொண்டு இரண்டையும் சேர்த்தார். இன்றைய சவாத் அந்தக் கலவைதான். தன் கலையின் ஓட்டையை ஒப்புக்கொண்ட ஆசிரியர் என்பதால் எனக்கு லெக்கூரை ரொம்பப் பிடிக்கும்.

நூற்றறுபது வருடம் தள்ளி, 1993 நவம்பர் 12, அமெரிக்காவில் டென்வர். எந்தக் கலை பெரியது என்று பார்த்துவிடலாம் என்று எட்டுப் பேரைக் கூண்டுக்குள் விட்டார்கள். அதுதான் முதல் யூஎஃப்சி. முதல் சண்டையிலேயே ஜெரார்ட் கார்டோ என்ற டச்சு சவாத் வீரர், சுமோ வீரர் ஒருவரை முகத்தில் உதைத்தார். பல் பறந்து போனது. அரை நிமிஷத்துக்குள் முடிந்தது. அதே கார்டோ இறுதிச் சுற்றில் ராய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான பிரேசில்காரரிடம் இரண்டு நிமிஷம் தாங்கவில்லை. கிரேசி கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்து, பின்னாலிருந்து கழுத்தை இறுக்கிவிட்டார். கிரேசி குடும்பத்துக்கு அந்தக் கலை வந்தது 1914-ல் பிரேசிலுக்குப் போன மயேதா என்ற ஜூடோக்காரர் வழியாக. அதாவது கானோவின் பள்ளியிலிருந்து! முழு பலத்தோடு பழகிய கலை சுற்றி வந்து ஜெயித்தது.

அப்போ நம் வீடியோ மச்சி சொன்னது சரியா? பாதி சரி. கூண்டுக்குள் ஒருவனுக்கு ஒருவன். தரை மெத்தை. யாரிடமும் கத்தி இல்லை. நடுவர் பக்கத்திலேயே நிற்கிறார். பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒருவனைக் கீழே தள்ளி நீங்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தால் அவன் நண்பன் செருப்புக் காலால் உங்கள் தலையில் உதைப்பான். தார் ரோட்டில் முழங்கால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். பாக்ஸிங்குக்கும் இப்படி ஒரு பிரச்னை உண்டு. தினமும் அடி வாங்கிப் பழகுவதால் பயம் போகும், கால் நகரும், தூரம் தெரியும். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக மோதிக்கொண்டது சும்மா இல்லை. 1980-ல் முகமது அலியே வந்து, எம்.ஜி.ஆர். பார்க்க, சென்னையில் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். ஆனால் கையுறை இல்லாமல் ஒருவன் மண்டையில் முழு பலத்தோடு குத்தினால் முதலில் உடைவது நம் கை எலும்பாகவும் இருக்கலாம். கட்டிப்பிடித்தால் பிரித்துவிட ரெஃப்ரி வரமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே கத்தி. கத்தியோடு வந்தவனிடம் வெறுங்கையால் பிடுங்குகிற வித்தையை எந்த வகுப்பில் சொல்லித் தந்தாலும், ரப்பர் கத்தியின் முனையில் மையைத் தடவிக்கொண்டு நண்பனை நிஜமாகவே குத்த வரச் சொல்லிப் பாருங்கள். நானும் என் கராத்தே நண்பனும் மார்க்கர் பேனாவை வைத்துச் செய்து பார்த்தோம். அரை நிமிஷத்தில் அவன் வெள்ளைச் சட்டையில் 9 கோடு. பிளாக் பெல்ட்! அவனே சிரித்துவிட்டு "ஓடிடறதுதான்டா" என்றான். அவன் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இப்போது கம்புக்கு வருகிறேன். கத்தியோடு வந்தவனுக்கும் நமக்கும் நடுவில் ஐந்தடி இடைவெளியை வைத்துத் தர ஒரு கம்பால் முடியும். அவன் கை நம்மைத் தொடுவதற்கு முன்னால் நம் கம்பு அவன் மணிக்கட்டைத் தொட்டுவிடும். இரண்டு மூன்று பேர் சூழ்ந்தாலும் சுற்று அவர்களைத் தள்ளியே நிறுத்தும். கூண்டுச் சண்டைக்காரனால் இது முடியாது. இதுதான் சிலம்பத்தின் நிஜ பலம். பலவீனமும் அதே தூரத்தில்தான் இருக்கிறது. சாரத்துக் குறுக்குச் சந்தில் கம்பு சுவரில் தட்டும். நெருக்கியடித்த பஸ்ஸில் தூக்கவே முடியாது. ஒருவன் உள்ளே புகுந்து கட்டிப்பிடித்துவிட்டால் நெடுங்கம்பு வெறும் பாரம். அதற்காகத்தான் குத்துவரிசையும் குறுங்கம்பும் பழைய ஆசான்கள் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது பல இடங்களில் போட்டிக்குத் தேவை இல்லை என்று அவற்றை விட்டுவிடுகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் செயல்முறை விளையாட்டாக இடம் பிடித்தது. சந்தோஷம்தான். சான்றிதழுக்காகக் கூட்டம் வரும். குத்துவரிசைக்கு யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை.

அம்மாவிடம் ஒரு வழியாகச் சொன்னேன். கம்பு கையில் இருந்தால், இடமும் இருந்தால், எதிரில் நிஜமாகவே அடிக்க வருகிறவனோடு பழகியிருந்தால், உதவும். கையைப் பிடித்துவிட்டால் உதவாது, அதற்கு வேறு பழக வேண்டும். கத்தி என்றால் ஓட வேண்டும், கத்த வேண்டும். இதில் எதுவும் இல்லாவிட்டாலும், முன்பு மூன்று நாள் சொல்லாமல் இருந்தவள் இப்போது முதல் நாளே சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறேன். அம்மா "ம்ம்" என்று மட்டும் சொன்னாங்க.

அடுத்த நாள் வகுப்பில் தங்கை ஆசானிடம் நேராகவே கேட்டிருக்கிறாள், "எதிர்ல ஆள் நின்னு அடிக்கிற மாதிரி எப்ப சொல்லித் தருவீங்க மாஸ்டர்?" அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கொடுத்து மாட்டச் சொல்லி, எதிரில் ஒரு சீனியர் அக்காவை நிறுத்தியிருக்கிறார். வலது கை விரல் இரண்டும் வீங்கி வீட்டுக்கு வந்தாள். அம்மா மஞ்சள் பத்து போட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே இருந்தாங்க. இவளோ அதைக் காதில் வாங்காமல், சைக்கிள் கேரியரில் வைக்க ஒரு குறுங்கம்பு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று இடது கையால் அளந்துகொண்டிருந்தாள்.